கடைசி வரிசையின் பெயர்

2016இல் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத் தொலைபேசிகளை எல்லாம் பழைய கம்பியிலிருந்து கணினி நெட்வொர்க்குக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய வாரத்திலிருந்தே புகார். குரல் வெட்டி வெட்டி வருகிறது, பாதிச் சொல் காணாமல் போகிறது, சப்ளையரிடம் பேசும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மேலே இருந்த அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, சுவிட்சுல கியூஓஎஸ் போட்டுடு. போன் பேச்சு முதல்ல போகட்டும். மத்ததெல்லாம் பின்னால நிக்கட்டும்லா."

கியூஓஎஸ் என்றால் குவாலிட்டி ஆஃப் சர்வீஸ். தமிழில் சேவைத் தரம் என்று சொல்லலாம். பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் நல்லது செய்யும் ஏதோ ஒன்று போலத் தெரியும். அன்றிரவு சுவிட்சில் அதை இயக்கும் கட்டளையைத் தட்டினேன். ஒரே வரி. காலையில் புகார் இரண்டு மடங்கானது.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நெட்வொர்க்கில் போகும் எதுவும் சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் போகும். தொலைபேசி அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் 46 என்ற எண் எழுதியிருக்கும். 'நான் குரல், என்னை முதலில் விடு' என்று அதற்குப் பொருள். நாங்கள் வைத்திருந்த வகை சுவிட்ச், கியூஓஎஸ் இயங்காத வரைக்கும் அந்த எண்ணைத் தொடாது. வந்தபடியே வெளியே அனுப்பிவிடும். இயக்கியதும் அது யாரையும் நம்பாது. 46ஐ அழித்து 0 என்று எழுதிவிடும். அதோடு தன் நினைவகத்தை நான்கு வரிசைகளுக்குப் பங்கு போட்டும் விடும். குரல், கோப்பு, யூடியூப் எல்லாம் ஒரே வரிசையில், முன்பைவிடக் குறுகலான இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. நிற்க இடம் கிடைக்காத பாக்கெட்டுகள் தூக்கி எறியப்பட்டன. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக 'இங்கிருந்து வருவதை நம்பு' என்று இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளையின் பெயரே டிரஸ்ட். தொலைபேசி மாட்டிய போர்ட்டுகளில் அதைக் கொடுத்து, 46க்கு முன்வரிசையை ஒதுக்கினேன். குரல் சரியானது.

அண்ணனுக்குச் சந்தோஷம். அடுத்த வேலையைச் சொன்னார். "ஹாஸ்டல் வைஃபை எல்லாத்தையும் ஸ்கேவஞ்சர் கிளாஸ்ல தள்ளிடு."

தொழிற்சாலைக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் விடுதி இருந்தது. நேபாளிகள், வங்காளதேசிகள், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கொஞ்சம் பேர். அலுவலகம், விடுதி இரண்டுக்கும் சேர்த்து இணையத்துக்கு ஒரே 100 எம்பிபிஎஸ் இணைப்புதான். ஸ்கேவஞ்சர் என்பது கடைசி வரிசையின் பெயர். எல்லோரும் போன பிறகு மிச்சம் இருந்தால் போகலாம். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறொரு பொருள் இருந்தது. என் தாத்தா டவுன் கவுன்சிலில் கூட்டுகிற வேலை பார்த்தவர். அந்த வேலைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் அதுதான். நாம் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னபடி தட்டினேன். வேலை.

இந்தப் பட்டியலை முதலில் யார் எழுதியது என்ற கேள்வி மட்டும் அதற்குப் பிறகு என்னைவிட்டுப் போகவில்லை. சில மாதங்கள் பழைய ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

*

முதலில் ஒரு விஷயம். கியூஓஎஸ் இணைப்பின் அகலத்தை ஒரு துளிகூடக் கூட்டாது. எங்கள் சுவிட்சில் 24 போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் 1000 எம்பிபிஎஸ் உள்ளே வரலாம். வெளியே போகும் வழி 100தான். பெரும்பாலான நேரம் அது போதும். போதாமல் போகிற நொடிகளில்தான் வரிசை உருவாகிறது, அந்த நொடிகளில்தான் கியூஓஎஸ்ஸுக்கு வேலை.

குரலுக்கு ஏன் அவசரம்? சாதாரணமாக ஒரு தொலைபேசி 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. நொடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போய்விட்டால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1500 பைட் கொண்ட ஒரு கோப்புப் பாக்கெட் 100 எம்பிபிஎஸ் வழியில் வெளியேற 0.12 மில்லிசெகண்ட் ஆகிறது. முன்னால் ஆயிரம் பாக்கெட் நின்றால் 120 மில்லிசெகண்ட் அங்கேயே போய்விடும். கோப்புக்கு அது ஒன்றுமில்லை. பேச்சு அங்கேயே கெட்டுவிடும். ஆகவே யாரையாவது முன்னால் விடத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரைப் பின்னால் நிறுத்துவது, அதை யார் சொல்வது என்பதில்தான் கதை இருக்கிறது.

*

கம்பியில் வரிசை போடும் வழக்கம் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. 1865இல் பாரிசில் 20 நாடுகள் கூடித் தந்திக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதிலேயே தந்திகள் மூன்று வகை: அரசாங்கத் தந்தி, தந்தித் துறையின் சொந்தத் தந்தி, தனியார் தந்தி. அரசாங்கத் தந்திக்கு முதலிடம். பின்னால் வந்த விதிகளில், மூன்று மடங்கு பணம் கட்டினால் தனியாரும் 'அவசரத் தந்தி' கொடுத்து முன்னால் போகலாம் என்று ஆனது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போட்டார்கள். நம் ஊர்க் குடும்பங்களில் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பயந்தது அதற்கு ரொம்பப் பின்னால். அந்தச் சாவுச் செய்தியும் அரசாங்கத்தின் தந்திக்குப் பின்னால்தான் நின்றிருக்கும்.

1960களில் அமெரிக்க ராணுவம் ஆட்டோவான் என்றொரு தொலைபேசி வலையமைப்பைக் கட்டியது. அதன் தொலைபேசிகளில் நாம் அறிந்த 12 பொத்தான்களுக்கு வலப்பக்கம் இன்னும் நான்கு பொத்தான்கள் இருந்தன. கீழிருந்து மேலாக அவற்றின் தகுதி: பிரியாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைட். எதையும் அழுத்தாவிட்டால் அது ரொட்டீன், அன்றாட அழைப்பு. வழி நிறைந்திருக்கும்போது உயர்ந்த பொத்தானை அழுத்தினால், தாழ்ந்தவர் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பை அறுத்து உங்களுக்குத் தருவார்கள். ஃபிளாஷ் ஓவர்ரைட் அதிபருக்கும் அவரை ஒட்டிய மிகச் சிலருக்கும் மட்டும்.

அதே காலத்தில் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பால் பாரன், அணுகுண்டு விழுந்தாலும் செத்துப்போகாத வலையமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1964இல் வரிசையாக அறிக்கைகள் எழுதினார். செய்தியைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் யோசனை அங்கே இருக்கிறது. இணையத்தின் முன்னோர்களில் ஒருவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அந்த அறிக்கைகளில் நான்காவது, முன்னுரிமை பற்றியும் நெரிசல் பற்றியும் பேசுகிறது. துண்டு துண்டாக அனுப்பலாம் என்று யோசித்த இடத்திலேயே, எந்தத் துண்டு முதலில் என்ற யோசனையும் இருந்திருக்கிறது.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டலைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு ஆர்எஃப்சி 791 வந்தது. இன்றைக்கும் ஐபி என்று நாம் சொல்வதின் அடிப்படை ஆவணம். பாக்கெட்டின் தலைப்பகுதியில் மூன்று பிட்டுகளைத் தகுதி சொல்வதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று பிட்டில் எட்டு எண்கள். 000 ரொட்டீன். 001 பிரியாரிட்டி. 010 இமீடியட். 011 ஃபிளாஷ். 100 ஃபிளாஷ் ஓவர்ரைட். 101 கிரிட்டிக்/இசிபி. 110, 111 இரண்டும் வலையமைப்பின் சொந்த வேலைக்கு. கிரிட்டிக் என்பது அமெரிக்க உளவுத்துறை தன் மிக அவசரச் செய்திகளுக்கு வைத்திருந்த பெயர். ஆட்டோவான் பொத்தான்கள் அப்படியே பாக்கெட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

இணையத்தில் எல்லாப் பாக்கெட்டும் சமம், அது பிறவியிலேயே ஜனநாயகமானது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தைப் படித்த அன்று அந்த நம்பிக்கை போனது. பிறக்கும்போதே எட்டுப் படிகளோடுதான் பிறந்திருக்கிறது. அந்தப் படிகளை வெகுகாலம் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கும் அந்த ஆவணத்திலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. இந்தத் தகுதிகளை யார் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டுப்படுத்துவது அந்தந்த வலையமைப்பின் பொறுப்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ராணுவத்தில் பொத்தானை யார் அழுத்தினார் என்று தெரியும், தவறாக அழுத்தினால் கேட்க ஆள் உண்டு. பல்கலைக்கழகங்கள் நிறைந்த இணையத்தில் யார் கேட்பது? பணம் கட்டாமல், கேள்வி இல்லாமல், எல்லோரும் தன் நெற்றியில் 'அவசரம்' என்று எழுதிக்கொள்ளலாம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏது?

*

1986 அக்டோபரில் முதல் பெரிய நெரிசல் வந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 365 மீட்டர்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போன வழியில் திடீரென்று 40 பிட் மட்டும் போனது. பாக்கெட் போய்ச் சேரவில்லை என்றதும் ஒவ்வொரு கணினியும் திரும்ப அனுப்பியது. அதனால் நெரிசல் கூடியது. கூடியதால் இன்னும் திரும்ப அனுப்பியது. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையின் வழிதான் பெரும்பாலும் நிலைத்தது. இழப்பு தெரிந்தால் அனுப்புகிறவர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் யாரையும் மேலே ஏற்றாமல், எல்லோரும் கொஞ்சம் ஒதுங்குவது.

ஒதுங்காதவர்களை என்ன செய்வது? ஜான் நாகிள் 1985 இறுதியிலேயே இதைக் கேட்டிருந்தார். முதலில் வந்தவர் முதலில் போவார் என்ற வரிசையில், அதிகமாகத் திணிக்கிறவரே அதிகம் பெறுகிறார். ஒழுங்காக நடப்பவர் ஏமாளி ஆகிறார். சுவிட்சுக்கு எல்லையில்லாத நினைவகம் கொடுத்தாலும் இது தீராது என்று காட்டினார். அவர் சொன்ன மாற்று, அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சுற்றில் ஒவ்வொன்றாக விடுவது. பெரியவன் சின்னவன் பார்க்காமல் பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவது மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் அதற்கடுத்து வருகிறது. 1987வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பின் வேகம் 56 கேபிபிஎஸ். ஒரே ஒரு 1500 பைட் பாக்கெட் வெளியேறவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். தூரத்துக் கணினியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்கள் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரக் காத்திருந்தார்கள். டேவிட் மில்ஸ் உருவாக்கிய 'ஃபஸ்பால்' என்ற ரவுட்டர்களில், தட்டச்சுப் பாக்கெட்டுகளைக் கோப்புகளுக்கு முன்னால் விடும்படி அமைத்தார்கள். அதை வெளியே அறிவிக்கவில்லை. தெரிந்தால் எல்லோரும் தங்கள் கோப்புகளையும் தட்டச்சு போல வேடம் போட்டு அனுப்புவார்கள் என்ற பயம். சொல்லப்படாத வரைக்கும் அது வேலை செய்தது. 1988இல் வேகம் 1.5 எம்பிபிஎஸ் ஆனதும் அவசியமும் போனது.

நல்லெண்ணத்தோடு செய்ததுதான். காத்திருப்பவர் மனிதர், கோப்பு காத்திருக்கலாம் என்ற எளிய நியாயம் அதில் இருந்தது. ஆனாலும் ரகசியமாகத்தான் செய்ய முடிந்தது. என் சுவிட்ச் ஏன் 46ஐ அழித்தது என்பதற்குப் பதில் எனக்கு இங்கேதான் கிடைத்தது. தானே போட்டுக்கொள்ளும் முத்திரையை நம்ப முடியாது என்று இருபது வருட அனுபவம் அந்த ஒரு கட்டளைக்குள் உறைந்து கிடக்கிறது.

*

சுவிட்ச் என்ற பெட்டி வந்தது 1990இல். ஈதர்நெட்டுக்கு முதல் சுவிட்சை விற்ற நிறுவனத்தின் பெயர் கல்பனா. வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் தொடங்கியது. 1994இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. ஈதர்நெட்டில் அதுவரை தகுதி சொல்ல இடமே கிடையாது. 1998இல் தரநிலையாக வந்த விதிகளில் அதற்கும் மூன்று பிட், எட்டு எண். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எட்டு எண்களில் மிகத் தாழ்ந்தது 0 இல்லை, 1. எண் எதுவும் போடாத சாதாரணச் சாதனங்கள் எல்லாம் 0 என்று கருதப்படுவதால், அவற்றுக்கும் கீழே நிற்க ஒன்று தேவைப்பட்டபோது 1ஐ எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1998 டிசம்பரில் ஐபியின் பழைய மூன்று பிட்டை ஆறாக நீட்டினார்கள். 64 எண்கள். ராணுவப் பெயர்கள் போய் 'துரித அனுப்பல்', 'உறுதி செய்யப்பட்ட அனுப்பல்' என்று தொழில்முறைப் பெயர்கள் வந்தன. என் தொலைபேசியின் 46 அப்போது வந்த ஏற்பாட்டைச் சேர்ந்தது. அதை இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று பிட் 101. உளவுத்துறையின் கிரிட்டிக் இருந்த இடம். சப்ளையரிடம் ஆணி விலை பேசுகிற குரல் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து போகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு இதை வைத்து உயர்தரச் சேவை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது. நடக்கவில்லை. ஒவ்வொரு எல்லையிலும் காவல் வைக்க வேண்டும், வழியில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும், அதற்குப் பதில் வழியை அகலப்படுத்துவதே மலிவு. 2002இல் டைட்டல்பாமும் ஷலுனோவும் இது ஏன் வரவில்லை, ஏன் இனியும் வராது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

மேல்வகுப்பு தோற்ற அதே இடத்தில் கீழ்வகுப்பு ஒன்று பிறந்தது. 2001இல் அதே கூட்டமைப்பு அறிமுகப்படுத்திய சேவையின் பெயர்தான் ஸ்கேவஞ்சர். எண் 8, இரும எண்ணில் 001000. அதன் நோக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய அறிவியல் தரவுகளை அனுப்புகிற ஆய்வாளர், 'என்னுடையது காத்திருக்கும், மற்றவர்கள் முன்னால் போகட்டும், மிச்சத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று தானே விரும்பிப் போட்டுக்கொள்ளும் முத்திரை அது. இதில் ஏமாற்ற எதுவும் இல்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்ள யாரும் பொய் சொல்லப்போவதில்லை. பழைய நம்பிக்கைச் சிக்கலுக்கு அழகான ஒரு தீர்வு.

நிறுவனங்களின் வழிகாட்டி நூல்களுக்குள் வந்து சேர்ந்தபோது அது தலைகீழாகிவிட்டது. பிட்டோரண்ட், விளையாட்டு, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றின் மீதும் மேலேயிருந்து ஒட்டுகிற முத்திரை ஆனது. தானே ஏற்றுக்கொள்கிற பணிவு வேறு, பிறர் நம் நெற்றியில் எழுதுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

8இன் முதல் மூன்று பிட்டைப் பாருங்கள்: 001. 1981இல் அந்த எண்ணுக்குப் பெயர் பிரியாரிட்டி, முன்னுரிமை. இருபது வருடத்தில் முன்னுரிமையின் நாற்காலி கடைசி வரிசையாக மாறியிருக்கிறது. பழைய விதிப்படி நடக்கும் சாதனங்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டு முன்னால் விட்டுவிடும் அபாயம் இருந்தது. 2019இல் ஆர்எஃப்சி 8622 இந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டி, கடைசி வகுப்புக்கு 000001 என்ற வேறு எண்ணைக் கொடுத்தது. பெயரையும் 'குறைந்த முயற்சி' என்றே வைத்துக்கொண்டார்கள்.

இணையச் சமநிலை பற்றிய சண்டை நமக்குத் தெரியும். டிம் வூ 2003இல் எழுதியது, அமெரிக்காவில் 2015இல் காசுக்கு முன்னுரிமை விற்பதைத் தடைசெய்து 2017இல் அதைக் கைவிட்டது, இந்தியாவில் 2016இல் டிராய் வேறுபட்ட கட்டணங்களைத் தடுத்தது. அவையெல்லாம் சேவை விற்கும் நிறுவனங்களைப் பற்றியவை. ஒரு கட்டடத்துக்குள், ஒரு சுவிட்சுக்குள், ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒருவன் தட்டுகிற வரிசையைப் பற்றி எந்த ஆணையமும் கேட்பதில்லை.

*

இரண்டு மாதம் கழித்துக் கேன்டீனில் விடுதிக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ராமநாதபுரத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார். "அண்ணே, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வீட்டுக்கு வீடியோ போட்டா படம் நின்னு நின்னு வருதுண்ணே. புள்ள மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது. மழையினாலயா?"

மழையினால்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அன்றிரவு ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் பார்த்தேன். அலுவலகத்தில் யாரும் இல்லை. போன் வரிசை காலி. ஆனாலும் 100 எம்பிபிஎஸ்ஸும் நிறைந்திருந்தது. சர்வரின் பேக்கப், வெளியூர்ச் சேமிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அது சாதாரண வகுப்பில் இருந்தது. விடுதி அதற்குக் கீழே. ஒரு மனிதர் தன் பிள்ளையோடு பேசுவதை, காலைக்குள் முடிந்தால் போதும் என்கிற கோப்பு ஒன்று தள்ளி நிறுத்திவைத்திருந்தது. அந்த வரிசையை அமைத்தவன் நான்.

அண்ணனிடம் போனேன். பேக்கப்பைக் கடைசி வகுப்புக்குப் போட்டு, விடுதியைச் சாதாரண வகுப்புக்கு ஏற்றலாம் என்றேன்.

"பேக்கப் நின்னா யாரு தல உருளும்? ஒன் தலயா, என் தலயா?"

"நிக்காதுண்ணே. கடைசி வரிசைக்கும் ஒரு பங்கு ஒதுக்கிடலாம். இப்ப ஒரு மணிக்கு முடியுது, இனிமே நாலு மணிக்கு முடியும். ஆபீஸ் தொறக்குறது எட்டு மணிக்கு."

அவர் யோசித்தார். "ஒரு வாரம் பாப்போம். புகார் வந்தா பழையபடி மாத்திடு" என்றார்.

புகார் வரவில்லை. பேக்கப் மூன்றே முக்காலுக்கு முடிந்தது. ராமநாதபுரத்துக்காரரிடம் மழையைப் பற்றிச் சொன்ன பொய்யை நான் திருத்தவே இல்லை. அவர் நாடு திரும்பிவிட்டார்.

சுவிட்சில் வகுப்புகளுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டியில் இருக்கிற பெயரை வைக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. எனக்கு அது அன்றுவரை தோன்றவேயில்லை. பழைய பெயரை அழித்துவிட்டு 'நைட் பேக்கப்' என்று தட்டினேன். எண்ணை மாற்றவில்லை. அது 8ஆகவே இருந்தது.